குதிரை அளக்கும் எஸ்றா

எஸ்றா குனிந்து கயிற்றை முகர்ந்து பார்க்கிறார். கருகல் வாடை இன்னும் வரவில்லை. இடது கையால் ஒரு குவளைத் தண்ணீரை அள்ளிச் சுழலும் இரும்பு டிரம்மின் மேல் வீசுகிறார். புஸ்ஸென்று ஆவி எழுகிறது. வலது கை, தொங்கும் தட்டில் இன்னொரு பத்து ராத்தல் கல்லை வைக்கிறது. எஞ்சின் ஒரு தரம் முக்கிவிட்டு, சமாளித்துக்கொண்டு ஓடுகிறது. "இன்னும் திங்கும்" என்று சொல்லிக்கொண்டே அடுத்த கல்லை எடுக்கிறார்.

தூத்துக்குடி கடற்கரைச் சாலைப் பட்டறை ஒன்றில் இருபது வருஷமாக இதுதான் அவர் வேலை. எந்த எஞ்சினானாலும் அதற்கு உண்மையில் எத்தனை குதிரைச் சக்தி என்று அளந்து எழுதிக் கொடுக்க வேண்டும். விற்கிறவன் ஒன்று சொல்வான், வாங்குகிறவன் ஒன்று நினைப்பான். எஸ்றா எஞ்சினைக் கழற்றித் தேக்குக் கட்டைமேல் ஏற்றி, அதன் வாலில் டிரம்மை முடுக்கி, டிரம்மைச் சுற்றி மூன்று சுற்றுக் கயிறு போடுவார். கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறு முனையில் வில் தராசு. கயிறு இறுகிப் பிடிக்க, அதை மீறி எஞ்சின் எவ்வளவு சுற்றுகிறது என்பதுதான் சோதனை. இழுப்பையும் சுற்றையும் பெருக்கி, அதைச் சுவரில் செந்தூர வண்ணத்தில் எழுதியிருக்கும் ஓர் எண்ணால் பெருக்கினால் குதிரை வந்துவிடும். அந்த எண்ணை எழுதியவர் முப்பதாம் வருஷம் இங்கே இருந்த இஞ்சினியர் துரை. அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது.

எஸ்றாவுக்கு இப்போது ஐம்பத்துமூன்று வயது. காது பாதி போய்விட்டது. முழங்கால் இரண்டும் ஒத்துழைப்பதில்லை. ஒரு சோதனை முடிந்தால் மண்ணெண்ணெய் டப்பாமேல் உட்கார்ந்து, எழுந்திருக்க யோசிக்கிறார். "எஞ்சின் என்னய ஒண்ணும் பண்ணல. ஆளுக மொகத்தப் பாத்துப் பாத்துத்தான் அலுத்துப் போச்சு" என்கிறார்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. இங்கே வருகிறவர்கள் யாரும் உள்ளதைத் தெரிந்துகொள்ள வருவதில்லை. உப்பளக்காரர் வருவார், மாவு மில்காரர் வருவார். தலையைச் சொறிந்துகொண்டு நிற்பார்கள். "அண்ணாச்சி, ஒரு அரைக் குதிர கூட்டிப் போட்டா என்ன? ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்." எஸ்றா நிமிராமல் பதில் சொல்வார்: "நான் சொல்லல. கயிறு சொல்லுது." சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸெல்லாம் கரிவாயுவில் ஓடியபோது, பஸ் முதலாளி ஒருவர் இந்தத் தரையில் உட்கார்ந்து அழுதே விட்டார். கயிறு அதற்கும் அசையவில்லை. மணப்பாட்டிலிருந்து ஓலைப்பெட்டி நிறையக் கருவாடு அனுப்பியவருக்குப் பெட்டி பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது. அதில் வருத்தம் எஸ்றாவின் மனைவி ஞானப்பூவுக்கு மட்டும்தான். "கொழம்புல உப்பு இருக்கா இல்லியான்னு கேட்டாக்கூட கயித்தக் கேட்டுத்தான் சொல்லுவாவ" என்று அந்த அம்மாள் அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறார்.

இப்படிக் கிடைத்த பெயர் சின்னப் பெயர் அல்ல. கப்பல்கள் ஆறு மைல் வெளியே நங்கூரம் போட்டு நிற்கிற ஊர் இது. சரக்கு ஏற்றிய தோணிகளை அங்கே இழுத்துப் போவதற்கு லாஞ்சுகள் வேண்டும். இருபது குதிரைக்குக் குறைந்த லாஞ்சைத் துறைமுக ஆபீஸில் சேர்ப்பதில்லை. அது இருபதா இல்லையா என்பதற்கு எஸ்றாவின் கையெழுத்துப் போட்ட தாள்தான் அத்தாட்சி. அவர் எழுதினால் எழுதினதுதான். மேலே அப்பீல் கிடையாது. சம்பளம் பெரிதில்லை, உடம்பும் போய்விட்டது. மனுஷனுக்கு மிச்சமிருந்தது இந்தப் பெயர் ஒன்றுதான்.

வெள்ளைக்காரன் போன மறுவருஷம், சித்திரை வெயிலில் அந்தக் கார் வந்தது. இரண்டே பேர் உட்காரக்கூடிய, கூரையை மடக்கி வைக்கிற சிவப்பு ரேஸ் கார். சீமைக்குக் கப்பலேறிய ஏஜெண்டு துரை ஒருவர் விற்றுவிட்டுப் போனது. வாங்கியவர் நிலாவாரை மருந்திலை ஏற்றுமதி செய்கிற வீட்டுப் பிள்ளை பால்துரை. முப்பது வயது, பாளையங்கோட்டையில் காலேஜ் படித்தவர். ஐம்பத்துநாலு குதிரை என்று ஊரெல்லாம் சொல்லியாகிவிட்டது. யாரோ ஒரு சிநேகிதர் நம்பாமல் சிரித்திருக்கிறார். அதனால் எஸ்றாவின் தாள் வேண்டும்.

எஞ்சினை இறக்கி ஏற்றவே ஒரு நாள் ஆயிற்று. லாஞ்சு எஞ்சின் நிதானமாகத் தட்டும், இது வீறிட்டது. மூன்று நிமிஷத்துக்கு மேல் கயிறு தாங்காது என்பதால் விட்டுவிட்டுத்தான் ஓட்ட வேண்டியிருந்தது. பட்டறை முழுக்கத் தென்னைநார் கருகிய புகை. நாலாவது ஓட்டம் முடிந்ததும் எஸ்றா பென்சிலை நாக்கில் தொட்டுக் கணக்குப் போட்டு, தாளை நாலாக மடித்துக் கொடுத்துவிட்டுக் கைகழுவப் போய்விட்டார். முகத்தைப் பார்க்காமலிருக்க அவர் கண்டுபிடித்த வழி அது.

"நாப்பத்தேழா?" என்றார் பால்துரை. "மிச்சம் ஏழு குதிர எங்கன போச்சு அண்ணாச்சி?"

"கப்பல்ல வாரப்போ எறங்கிப் போயிருக்கும்."

"வெளையாடாதீய. கம்பெனி புஸ்தகத்துல அச்சடிச்சிருக்கான்."

"நான் சொல்லல தம்பி. கயிறு சொல்லுது."

மற்றவர்களாயிருந்தால் இந்த இடத்தில் கையைப் பிசைவார்கள், அல்லது கத்துவார்கள். பால்துரை இரண்டும் செய்யவில்லை. சுவரிலிருந்த செந்தூர எண்ணைக் காட்டி, அது எப்படி வந்தது என்று கேட்டார். இருபது வருஷத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. எஸ்றாவுக்குக் கொஞ்சம் உற்சாகம்கூட வந்துவிட்டது. டிரம்மின் குறுக்களவு பதினாறு அங்குலம், அதில் பாதி எட்டு. கயிற்றின் இழுப்பு அதன் நடுவில் விழுவதால், கயிற்றின் கனத்தில் பாதியையும் அந்த எட்டோடு சேர்க்க வேண்டும் என்று விளக்கினார்.

"கயிறு என்ன கனம்?"

"முக்கால் அங்குலம்."

பால்துரை கயிற்றைத் தூக்கித் தன் கட்டைவிரலோடு வைத்துப் பார்த்தார். "இதா அண்ணாச்சி முக்கால்?"

எஸ்றா கனம் அளக்கும் கவையை எடுத்து வைத்துப் பார்த்தார். ஒன்றே முக்கால் அங்குலம். வேறு இடத்தில் வைத்துப் பார்த்தார். அங்கேயும் அதேதான்.

முக்கால் அங்குலம் என்பது பஞ்சுக் கயிறு. துரை காலத்தில் மில்லிலிருந்து வந்த வெள்ளைக் கயிறு. நாற்பத்திரண்டில் பஞ்சுக் கயிறு முழுதும் பட்டாளத்துக்குப் போய்விட, எஸ்றா துறைமுகத்திலிருந்து தென்னைநார்க் கயிறு வாங்கிச் சுற்றினார். கயிறு மாறியது; சுவரில் இருந்த எண் மாறவில்லை. அதை மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. துரை எழுதின எண் அல்லவா? கயிற்றின் கனம் ஓர் அங்குலம் கூடியதில், பாதிக் கணக்குக்கு அரை அங்குல வித்தியாசம். அதனால் எஞ்சின் உழைத்த உழைப்பில் ஒரு பங்கு எழுத்திலேயே ஏறவில்லை. பதினாறு பதினேழு குதிரைக்கு ஒரு குதிரை வீதம் ஆறு வருஷமாக எல்லா எஞ்சினுக்கும் குறைத்தே எழுதியிருக்கிறார். அரைக் குதிரை கேட்டு அழுதவர்களுக்கெல்லாம் உள்ளதையே கொடுக்கவில்லை.

எஸ்றாவின் கை தன் பாட்டுக்குக் கணக்குப் போட்டது. கார் எஞ்சினுக்கு நாற்பத்தொன்பதே முக்கால் வந்தது.

"அம்பதுன்னே போட்டுருங்களேன்" என்றார் பால்துரை சந்தோஷமாக.

எஸ்றா நாற்பத்தொன்பதே முக்கால் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை மடிக்க மறந்துவிட்டார்.

பால்துரை போனதும் பழைய தாள்களின் நகல் கட்டைப் பிரித்தார். தேட வேண்டிய அவசியமே இல்லை. எந்தத் தாள் என்பது அவருக்குத் தெரியும். நாற்பத்தைந்து ஆவணி. காயல்பட்டணத்து இஸ்மாயில், கொழும்பில் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கிய லாஞ்சு. எஞ்சின் பத்தொன்பது குதிரை. "ஒரு குதிரதான அண்ணாச்சி" என்று இஸ்மாயில் ஒரே ஒரு தரம் கேட்டார். கயிறு சொல்லுது என்று எஸ்றா சொன்னதும் சலாம் வைத்துவிட்டுப் போய்விட்டார். துறைமுகத்தில் லாஞ்சைச் சேர்க்கவில்லை. எஞ்சின் முத்தையாபுரத்து உப்பளம் ஒன்றுக்குத் தண்ணீர் இறைக்கப் போயிற்று. லாஞ்சின் மரத்தை எவரோ வாங்கினார்கள். சொந்த லாஞ்சு வைத்திருந்த மனிதர் இன்று அடுத்தவர் தோணியில் தண்டலாக, சுக்கான் பிடித்துக் கூலிக்குப் போகிறார்.

எஸ்றா புதுக் கணக்குப் போட்டார். இருபதே கால், இருபதரை என்றெல்லாம் பெரிதாக வரவில்லை. இருபதும் கொஞ்சமும் வந்தது. அந்தக் கொஞ்சம் போதுமாயிருந்தது. அதைப் புதுத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் வீட்டில் விஷயத்தைச் சொன்னார். ஞானப்பூ அவர் காதுக்கு எட்டும்படி உரக்கச் சொன்னார்: "தெரியாமத் தான செஞ்சீங்க? இப்பப் போயிச் சொன்னா அந்த லாஞ்சு திரும்பியா வரும்? ஊரு காறித் துப்பும். பேசாம இருங்க." அந்த அம்மாள் சொன்னதிலும் தப்பில்லை. பேசாமலிருப்பதுபோல் சுலபமானது வேறில்லை. எஸ்றாவுக்கு இருந்த அலுப்புக்கு அதுதான் தோதாகவும் இருந்தது.

மறுநாள் காலையில் அவர் பட்டறைக்குப் போகவில்லை. தோணிகள் சரக்கு ஏற்றும் கடல்பாலத்துக்குப் போனார். இஸ்மாயில் தோணியில் வெங்காய மூட்டை ஏறிக்கொண்டிருந்தது. எஸ்றாவைப் பார்த்ததும் இறங்கி வந்தார். கன்னம் ஒட்டி, தாடி நரைத்திருந்தது.

"வாங்க அண்ணாச்சி. காலங்காத்தால இங்கன?"

எஸ்றா புதுத் தாளை நீட்டினார். "பாய், ஒங்க எஞ்சின் இருபது. இருபதுக்கும் மேல. அன்னைக்கி நான் எழுதுனது தப்பு. கயிறு தடிச்சுப் போனத நான் பாக்கல."

இஸ்மாயில் தாளைத் தூரத்தில் பிடித்து எண்ணை மட்டும் படித்தார். "தெரியும்" என்றார்.

"என்னது?"

"இருபது இருக்கும்னு தெரியும் அண்ணாச்சி. பாரம் ஏத்துன தோணி ரெண்ட வாடக்காத்துக்கு எதுக்க இழுத்துப் பாத்திருக்கேன். பத்தொம்பது இழுக்காது."

"பொறவு ஏன் பேசல? திருப்பி அளக்கச் சொல்லியிருந்தா அளந்திருப்பேனே."

"நீங்க எழுதிட்டீயள்லா?" இஸ்மாயில் குரலில் கோபமே இல்லை. "எஸ்றா அண்ணாச்சி எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நெனச்சேன். எங் கைதான் தப்பாச் சொல்லுதுன்னு விட்டுட்டேன்."

திட்டியிருந்தால் எஸ்றா தாங்கியிருப்பார், திட்டை வாங்கிக்கொள்ளத்தான் வந்திருந்தார். இஸ்மாயில் தாளை மடித்து அவர் கையிலேயே திரும்ப வைத்து, விரல்களையும் மூடிவிட்டார்.

"அல்லா அறிவான். வேற யார்ட்டயும் இதச் சொல்லாதீய. ஒங்க எழுத்த நம்பித்தான் இங்கன ஆளுக லாஞ்சுல கால வைக்காவ. அது போயிரப்படாது. வாரேன், தண்ணி எறங்குது."

இஸ்மாயில் பலகைமேல் ஏறித் தோணிக்குள் போனார். எஸ்றா முழங்காலைப் பிடித்துக்கொண்டு பாலத்து வாசல்வரை நடந்தார். அங்கே கப்பல் வருகிற நாளும் நேரமும் ஒட்டுகிற பலகை இருக்கிறது. தண்டல்களும் மூட்டைக்காரர்களும் கிளார்க்குகளும் காலையில் அதன் முன்னால்தான் கூடுவார்கள். எஸ்றா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனார். மடியிலிருந்து பென்சிலை எடுத்து, தாளின் அடியில் 'நாற்பத்திரண்டு முதல் நான் எழுதிய எல்லாத் தாளும் தப்பு' என்று எழுதினார். போன வாரத்து அறிவிப்பு ஒன்றிலிருந்து துருப்பிடித்த ஆணியைப் பிடுங்கினார். தாளைப் பலகையில் விரித்துக் கட்டைவிரலால் ஆணியை அழுத்திப் பார்த்தார், இறங்கவில்லை. சுற்றியிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். யாரோ, "என்ன அண்ணாச்சி எழுதியிருக்கு?" என்று கேட்டார்கள். எஸ்றா காலிலிருந்து செருப்பைக் கழற்றி, தன் கையெழுத்தின் மேல் நின்ற அந்த ஆணியை ஓங்கி அடித்தார்.