தவமணி அக்கா கேட்ட ஐந்து விநாடி

செய்தி குரல்பதிவாக வந்தது. ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் அலுவலகக் கூட்டம் ஒன்றில் உட்கார்ந்திருந்தேன். அனுப்பியவர் ஹனோவரிலிருக்கும் நிரோஷன். அவர் எனக்கு எப்போதும் ஜெர்மனில் இரண்டு வரி எழுதுவதோடு சரி. குரல்பதிவு என்றதுமே எழுந்தேன். வெளியே வந்து படிக்கட்டில் நின்று கேட்டேன்.

“அக்கா, நான் நிரோஷன். சின்னம்மா இண்டைக்குக் காலமை ஆஸ்பத்திரியில காலமாகீட்டா. வெள்ளிக்கிழமை கிரியை. உங்களைக் கட்டாயம் வரச்சொல்லி அம்மா சொன்னவ.”

பதினான்கு விநாடி. யார் பேசினாலும் விநாடி பார்ப்பது எனக்குத் தொற்றிய வியாதி. அது தொற்றியது, நிரோஷன் சின்னம்மா என்று சொன்ன தவமணி அக்காவோடு வேலை செய்த காலத்தில்தான்.

நம் சீன அரண்மனைத் தொடரின் எண்பது பகுதிகளையும் விடாமல் பார்த்த உங்களுக்கு, ஒவ்வொன்றின் முடிவிலும் ‘தமிழ்: தவமணி’ என்று ஒரு வரி ஓடியது நினைவிருக்கும். உங்களில் சிலர் அவர் கையால் சாப்பிட்டிருக்கிறீர்கள். பலருக்கு அவர் வெறும் பெயர். அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் என் தவறு ஒன்றையும் எழுத வேண்டியிருக்கிறது. அதை விட்டுவிட்டு நல்லவர், வல்லவர் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

நான் கோயம்புத்தூர்க்காரி. ஆங்கில சப்டைட்டிலை வைத்துக்கொண்டு தோழிகளுக்காக அந்தத் தொடரைத் தமிழில் போட ஆரம்பித்தேன். மூன்றாவது பகுதி வெளியான மறுநாள், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு. “தங்கச்சி, நீங்கள் அந்த ராசாத்தியைப் பெத்த தாயாக்கிப்போட்டியள். பெத்தவ பின்னுக்கு நிக்கிறவ.” பெயர்கூடச் சொல்லவில்லை, நேரே சண்டைக்கு வந்துவிட்டார். ஆங்கிலத்தில் இருவருக்குமே ஒரே சொல்தான் இருந்தது. ஆனால் கதை வேறு. பிள்ளையில்லாத பட்டத்தரசி, கீழ்நிலை மனைவி ஒருத்தியின் ஆண்குழந்தையை எடுத்துக்கொள்கிறாள். அரண்மனைச் சட்டப்படி இனி அரசிதான் தாய். பெற்றவள் தினமும் காலையில் வரிசையில் நின்று, தன் மகன் இன்னொருத்தியை அம்மா என்று வணங்குவதைப் பார்க்க வேண்டும். வாயைத் திறந்தால் பிள்ளையின் தலை போய்விடும்.

“சீனத்தில ரெண்டும் ரெண்டு சொல்லு. எனக்குக் காதால கேக்கத் தெரியும்,” என்றார். ஹனோவரில் ஒரு சீன உணவகத்தின் சமையலறையில் இருபது வருடம் காய் வெட்டியவர் அவர். முதலாளியின் மனைவி வெட்டுமேசைக்கு மேலே தொலைக்காட்சியை மாட்டி, நாள் முழுக்க அரண்மனைக் கதைகளை ஓடவிடுவாராம். சீனத்தில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது, ஆனால் பேச்சு விளங்கும். நான் நம்பவில்லை. படம் காட்டாமல் ஒரு காட்சியின் ஒலியை மட்டும் தொலைபேசியில் போட்டுக் காட்டினேன். கொஞ்சம் கேட்டுவிட்டு, “இவ இப்ப நல்ல பட்சமாக் கதைக்கிறா. அப்ப ஆருக்கோ நஞ்சு வைக்கப் போறா,” என்றார். அடுத்த காட்சியில் விஷக்கிண்ணம் வந்தது. அன்றிலிருந்து இருவரும் கூட்டாளிகள்.

பெற்றவளை மகன் எப்படி அழைப்பது என்று முடிவு செய்தவரும் அவர்தான். சீனத்தில் அவன் சொல்லும் அரண்மனைப் பட்டப்பெயரை அப்படியே வைத்தால் யாருக்கும் புரியாது என்றேன். “சின்னம்மா எண்டு போடுங்கோ. எங்கட ஆக்களுக்கு விளங்கும். தாய் மாதிரி, ஆனா தாயில்லை,” என்றார். எங்கள் சொற்பட்டியலில் அதைத் தடித்த எழுத்தில் பதிந்துகொண்டேன்.

சனிக்கிழமை மதியங்கள் சண்டையில் கழிந்தன. “ஏலாதுன்னா எங்க ஊர்க்காரங்களுக்குப் புரியாதுக்கா, முடியாதுன்னு போடுவோம்,” என்பேன். “ராசாத்தி என்ன உங்கட கோயம்புத்தூரோ?” என்பார். “யாழ்ப்பாணமும் இல்லையேக்கா.” கடைசியில் ‘முடியாது’ அரசிகளுக்கு, ‘ஏலாது’ பணிப்பெண்களுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டோம். “அதுவும் சரிதான். உண்மையா ஒண்டும் ஏலாத சனம் அதுகள்தானே,” என்றார்.

விநாடிக்கணக்கில்தான் பெரிய சண்டை. ஒரு வரி திரையில் எவ்வளவு நேரம் நிற்கலாம் என்பதற்கு நான் விதி வைத்திருந்தேன். சின்ன வரி என்றால் இரண்டு விநாடி. அவர் எல்லாவற்றையும் நீட்டுவார். பேச்சு முடிந்து ஆள் வாயை மூடிய பிறகும் எழுத்து நிற்கும். “அசிங்கமா இருக்குக்கா,” என்பேன். “வாசிக்கப் பிந்துற ஆக்கள் இருக்கினம் தங்கச்சி,” என்பார். கண் மங்கிய பெரியவர்களைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் தன் காரணங்களை வேறு நீளமாக எழுதி அனுப்புவார். முதல் இருபது பகுதி வரை அவற்றைப் படித்தேன். பிறகு படிக்காமலே நீக்கிவிடுவேன். வேலை பார்க்கிறவளுக்கு நேரமேது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

ஒருமுறை ஹனோவருக்குப் போய் இரண்டு நாள் அவர் வீட்டில் தங்கினேன். மேல்மாடியில் ஓர் அறையும் சமையலறையும். கீழ்மாடியில் அவருடைய அக்கா ஈஸ்வரியின் வீடு. ஈஸ்வரி அக்காவின் ஒரே மகன் நிரோஷன். முப்பது வயதைத் தாண்டியவர், வேறு தெருவில் தனியாக இருந்தார். ஞாயிறு தோறும் தாயைப் பார்க்க வந்துவிட்டு மேலே ஏறிவந்து சின்னம்மாவிடம் சாப்பிடுவார். அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை தவமணி அக்கா நின்றுகொண்டேயிருந்தார். நான் சீண்டினேன். “உக்காருங்கக்கா, அரண்மனைத் தோழி மாதிரி நிக்கிறீங்க.” அவர் சிரிக்கவில்லை. “எனக்கு நிண்டு பழக்கம்,” என்றார்.

சுவரில் நிரோஷனின் பிறந்தநாள் படங்கள் வரிசையாக இருந்தன. கேக்குக்குப் பின்னால் ஈஸ்வரி அக்காவும் அவர் கணவரும், நடுவில் வருடா வருடம் வளர்ந்துகொண்டே போகும் பையன். தவமணி அக்கா ஒன்றில்கூட இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, “படம் எடுக்க ஆள் வேணுமே தங்கச்சி,” என்றார். எனக்கு அது அப்போது நல்ல நகைச்சுவையாகப் பட்டது.

கடைசிப் பகுதிக்கு வருகிறேன். உங்களுக்குத் தெரியும், மகன் இப்போது பேரரசன். பெற்றவள் இறந்துபோகிறாள். கிழவியான பணிப்பெண் உண்மையைச் சொல்லிவிடுகிறாள். அவன் சவப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கிறான், பின்னால் மந்திரிகள் வரிசை. எல்லாரும் கேட்டுக்கொண்டிருப்பதால் அவன் பழைய பட்டப்பெயரைத்தான் சொல்கிறான். தவமணி அக்கா அனுப்பிய கோப்பில் அந்த இடத்தில் ‘அம்மா’ என்று இருந்தது. அந்த ஒரு சொல் மட்டும், ஐந்து விநாடி.

நான் திருத்தினேன். விதி விதிதானே. ‘சின்னம்மா’, இரண்டு விநாடி. அவரிடம் கேட்கவில்லை, அது கேட்கவேண்டிய விஷயம் என்றே தோன்றவில்லை. ஞாயிற்றுக்கிழமை வெளியிட்டேன். திங்களன்று அவரிடமிருந்து செய்தி வந்தது. “கடைசி வரியை மாத்தினீங்களோ?” நான் பெருமையாகப் பதில் எழுதினேன். “ஆமாக்கா, நீங்க வச்ச ரூல்தான். எண்பது எபிசோடும் சின்னம்மான்னு போட்டுட்டு கடைசில மட்டும் மாத்தக் கூடாதுல்ல? சீனத்துலயும் அவன் அம்மான்னு சொல்லலையே.” ஒரு மணி நேரம் கழித்துப் பதில் வந்தது.

“ஓம் தங்கச்சி. அவன் சொல்லேல்லைத்தான்.”

அதன்பின் அடுத்த தொடருக்கு அழைத்தபோது கண் சரியில்லை என்றார். எண்பது பகுதி உழைத்துவிட்டு ஒரு சொல்லுக்காக முறுக்கிக்கொள்கிறாரே என்று எனக்கு எரிச்சல்தான் வந்தது. பேச்சு குறைந்தது. இதயம் பலவீனமாகி மருத்துவமனையில் சேர்ந்ததைக்கூட அவர் எனக்குச் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை தகன மண்டபத்தை ஒரு மணி நேரத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அடுத்த குடும்பம் வெளியே கறுப்புக் கோட்டுகளோடு காத்திருந்தது. ஐயர் அவசரமாக ஆரம்பித்தார். கொள்ளிக்கடன் செய்ய நிரோஷன் நின்றார், விரலில் தர்ப்பை. “தம்பி, இவ உங்களுக்கு என்ன முறை?” என்று ஐயர் கேட்டார். “சின்னம்மா,” என்றார் நிரோஷன்.

முன்வரிசையிலிருந்து ஈஸ்வரி அக்கா எழுந்தார். “இல்லை ஐயா. பெத்த தாய். தாய் எண்டு சொல்லிச் செய்யுங்கோ.”

ஐயர் கையிலிருந்த செம்போடு நின்றுவிட்டார்.

“அம்மா எண்டு சொல்லு தம்பி,” என்றார் ஈஸ்வரி அக்கா. “இனி எங்களை ஒருத்தரும் திருப்பி அனுப்பேலாது.”

நிரோஷன் வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஐயர் கொஞ்ச நேரம் பொறுத்தார், மணியைப் பார்த்தார், பிறகு நிரோஷன் சொல்லவேண்டியதையும் தானே சொல்லிக்கொண்டு போனார். பெட்டி உள்ளே போய்விட்டது.

வெளியே தாழ்வாரத்தில் ஈஸ்வரி அக்கா எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியே சொன்னார். “ஊரில சண்டை நேரம் இவளின்ர புருசனைப் பிடிச்சுக்கொண்டு போனவங்கள், திரும்பி வரேல்லை. கையில எட்டு மாதப் பிள்ளை. நான் இஞ்சை என்ர புருசனிட்டை வர வெளிக்கிடேக்க, பிள்ளையாவது தப்பட்டும் எண்டு என்ர பிள்ளையாப் பதிஞ்சு கொண்டுவந்தனான். அகதி அன்ட்ராக் விண்ணப்பத்திலயும் அப்பிடித்தான் எழுதினது. அவள் வந்துசேர அஞ்சு வருசம். வாசல்ல வந்து நிக்கிறாள், இவன் என்ர சீலைக்குப் பின்னால ஒளிக்கிறான். பொய் தெரிஞ்சால் எல்லாரையும் அனுப்பிப்போடுவாங்கள் எண்டு அவளிட்டைச் சத்தியம் வாங்கினது நான்தான். பாஸ்போட் கிடைச்ச பிறகு பயம் போச்சுது. ஆனா நான் அவளை விடேல்லை. எனக்கு வேறை பிள்ளையில்லை.”

எனக்கு அந்த அம்மாள் மீது கடும் கோபம் வந்தது. அறையலாம் போல இருந்தது. கோபப்பட எனக்கு என்ன தகுதி என்பது அடுத்த அரைமணியில் தெரிந்துவிட்டது.

சாப்பாட்டு மண்டபத்தில் நிரோஷன் காகிதக் குவளையில் தேநீரோடு என் எதிரே வந்து உட்கார்ந்தார். “அக்கா, ஒண்டு கேக்கவேணும். அந்தத் தொடர் முழுக்க நானும் அவவும் சேர்ந்துதான் பார்த்தனாங்கள். வாசிச்சுப் பழகு எண்டு இருத்தி வைச்சிடுவா. எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பன், கெதியா ஏலாது. கடைசிப் பகுதியில அந்த ராசா பெட்டிக்கு முன்னால வாற இடத்தில என்ர கையைப் பிடிச்சா. ரீவியைப் பாக்கேல்லை, என்ர முகத்தைத்தான் பார்த்தவ. நான் வாசிச்சன், சின்னம்மா எண்டு. உடன திரும்பி ரீவியைப் பார்த்தா. எழுத்துப் போயிட்டுது. கையை எடுத்திட்டு, தேத்தண்ணி போடப் போயிட்டா. என்ன பிழை விட்டனான் எண்டு எனக்கு இண்டைவரைக்கும் விளங்கேல்லை.”

சத்தியத்தை மீறாமல் சொல்ல அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். அதற்காகத்தான் எண்பது பகுதி. அதற்காகத்தான் விநாடிக்கு விநாடி என்னோடு மல்லுக்கட்டினார். வாசிக்கப் பிந்துகிற ஆள் இவர்தான்.

நான் சொன்னேன். “நீங்க ஒரு பிழையும் விடல நிரோஷன். அவங்க அங்க அம்மான்னுதான் எழுதியிருந்தாங்க. மாத்தினது நான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. குவளையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தார். “எத்தினை செக்கன் விட்டிருந்தவ?” என்று கேட்டார்.

“அஞ்சு.”

“அது காணும், போதும்,” என்றார். “நான் வாசிச்சிருப்பன்.”

திரும்பும் ரயிலில் மடிக்கணினியைத் திறந்து, அவர் முதலில் அனுப்பிய கடைசிப் பகுதிக் கோப்பைத் தேடி எடுத்தேன். இதை எழுதலாமா என்று ஈஸ்வரி அக்காவிடமும் நிரோஷனிடமும் பிறகு கேட்டேன். இருவரும் எழுதச் சொன்னார்கள். அந்த வரியை அவர் எழுதியபடியே திரும்பவும் போட்டுவிட்டேன். உங்களிடம் இருக்கும் பழைய பிரதியை அழித்துவிட்டு இதை வைத்துக்கொள்ளுங்கள். இறந்தவருக்கு இதனால் ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும்.

எனக்கென்று வைத்துக்கொண்டது அந்த முதல் கோப்புதான். அந்த வரிக்குப் பக்கத்திலும் அவர் ஒரு குறிப்பு எழுதியிருந்தார். மற்றவற்றைப் போல நீளமில்லை, படிக்க இரண்டு விநாடிகூட ஆகாது. அன்று நான் படிக்கவில்லை. “தங்கச்சி, இந்த ஒரு இடத்தில மட்டும் கை வையாதேங்கோ.”