பொன்னாடை போர்த்தி முடித்தபோது

கும்மிடிப்பூண்டியில் எங்கள் சிறுதொழில் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். தொழிற்பேட்டைச் சாலைக்குத் தெருவிளக்கு கேட்டு, திருவள்ளூரில் ஓர் உயர் அதிகாரியைப் பார்க்கப் போனோம். தையல் யூனிட் நடத்தும் செல்வி அக்கா விஷயத்தைச் சொல்வதாக ஏற்பாடு.

அதிகாரிகளை வெறுங்கையோடு பார்ப்பது எங்கள் சங்கத்தில் வழக்கமில்லை. நிர்வாகிகள் ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினோம். ஒவ்வொன்றுக்கும் போட்டோ. அதற்குள் அவரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

"நல்லா மரியாதை பண்ணிட்டோம்" என்றேன், வெளியே வந்து.

"அது சரி சார், லைட்டு கேட்டீங்களா? எங்க பொண்ணுங்க செல்லு வெளிச்சத்துல நடந்துகினு வருதுங்க" என்றார் செல்வி அக்கா.

அப்போது அதிகாரியின் டவாலி பின்னாலேயே ஓடிவந்தார்.

"ஐயா கூப்புடறாரு. அந்தம்மா இன்னாவோ சொல்ல வந்தாங்களாமே?"

கூட்டத்துக்குக் கிளம்பியவர் வாசலிலேயே நின்று கேட்டார். அக்கா பேசினார். விளக்கும் வந்தது.

சங்க அலுவலகத்தில் அன்றைய போட்டோக்களில் ஒன்றை மாட்டியிருக்கிறோம். நாங்கள் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறோம். அதிகாரி மட்டும், ஓரத்தில் பேச வாயெடுத்த அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.