பங்களா முன்னால் உருட்டிய சைக்கிள்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சம். ஆனாலும் இந்த ஒரு விஷயத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

போன தை மாதம், பொங்கல் முடிந்த வாரம், லுணுகலையிலிருந்து பண்டாரவளை வரை சைக்கிளில் போனேன். எங்கள் இலங்கை மலைநாட்டுப் பாதை தெரிந்தவர்களுக்கு இது லேசான காரியம் இல்லை என்று தெரியும். பசறை ஏற்றம், பிறகு பதுளைக்கு இறக்கம், அங்கிருந்து பண்டாரவளை வரை மறுபடியும் ஏற்றம். நான் லுணுகலையில் ஒரு பலசரக்குக் கடையில் மூட்டை தூக்குகிறேன். பழைய கியர் சைக்கிள் ஒன்று வைத்திருக்கிறேன். லீவு நாளில் அதில் சுற்றுவதுதான் எனக்கு ஒரே ஆசை. ஒருநாள் ஓட்டோ ஸ்டாண்டில் நிற்கும்போது, பண்டாரவளை வரை போகப்போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

“நீ எங்க மிதிக்கப் போற? ஏத்தத்துல எல்லாம் எறங்கி உருட்டுவ. நாயப் புடிச்சுக்கிட்டு நடக்குற மாதிரி சைக்கிளப் புடிச்சுக்கிட்டு நடப்ப” என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

 நான் மனதுக்குள் முடிவு செய்துகொண்டேன். களைத்தால் நிற்கலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். ஆனால் ஓர் அடிகூட உருட்டக் கூடாது.

அதே ஸ்டாண்டில் ஓட்டோ ஓட்டும் என் சிநேகிதன் மட்டும் சிரிக்கவில்லை. அன்றைக்கு வந்த ஹயர் சவாரியை எல்லாம் விட்டுவிட்டு, ஓட்டோவில் தண்ணீர், ரொட்டி, கட்டச்சம்பல், பிளேன்டீ, காற்றடிக்கிற பம்ப் எல்லாம் ஏற்றிக்கொண்டு விடியற்காலையிலேயே என் பின்னால் வந்தான். பசறை ஏற்றத்தில் எனக்கு மூச்சு முட்டியது. “மிதிடா மச்சான்! பின்னால சிறுத்த வருதுன்னு நெனச்சுக்க!” என்று கத்திக்கொண்டே வந்தான். சிரிப்பு வந்து பாதி பலம் போய்விட்டது. ஆனாலும் இறங்கவில்லை. பதுளையில் சாப்பிட்டோம். வெயிலில் திரும்பவும் ஏற ஆரம்பித்தேன்.

ஹாலி-எல தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. எல்லா வாகனங்களையும் ஒரு தோட்டத்துப் பாதை வழியாகத் திருப்பி விட்டிருந்தார்கள். நாங்களும் திரும்பினோம். ஏற்றம் முடிந்து சமதரையாக ஓர் இடம் வந்தது. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் பழைய வெள்ளைக்காரத் துரை பங்களா. இப்போது அது ஹோட்டல். அந்தக் காலத்துக் கங்காணி மாதிரி கோட்டும் தலைப்பாகையும் போட்ட ஒரு காவல்காரர் கையை நீட்டி என்னை மறித்தார்.

“அண்ணே, எறங்குங்க. பங்களா தாண்டுற வரைக்கும் சைக்கிள உருட்டிக்கிட்டுத்தான் போகணும்.”

சிநேகிதன் ஓட்டோவை நிறுத்தினான். “ஏன், உள்ள தொர தூங்குறாரா?”

“தொரையெல்லாம் எப்பவோ போயிட்டாங்க. ஆனா சட்டம் அப்படிங்க. ஓட்டோ போகலாம்.”

அவர் சொல்லி முடிக்கவில்லை, இரண்டு வெள்ளைக்காரர்கள் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார்கள். காவல்காரர் அவர்களுக்குக் கும்பிடு போட்டார்.

“அவுங்க சைக்கிள்ல சக்கரம் இல்லியா?” என்று கேட்டான் சிநேகிதன்.

“அவுங்க தங்க வந்தவங்க. என்னையப் போட்டு ஏண்ணே கொடையுறீங்க? நானும் தோட்டத்து லயத்து வீட்டுலதான் இருக்கேன்.”

இதற்குள் நான் இறங்கிவிட்டிருந்தேன். யோசித்து இறங்கவில்லை. பங்களா என்ற வார்த்தை காதில் விழுந்ததும் கால் தானாகத் தரைக்கு வந்துவிட்டது. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் அப்பா காலத்தில் பங்களா முன்னால் சைக்கிளில் போக முடியாது. இறங்கி, பிடித்த குடையை மடக்கி, தலைத்துண்டை எடுத்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். அப்பா என்னை முன்கம்பியிலிருந்து இறக்கிவிடுவார். வெயிலானாலும் மழையானாலும் அப்படித்தான்.

பசறை ஏற்றத்தில் இறங்காத நான் அந்தச் சமதரையில் சைக்கிளை உருட்டினேன். புல்தரையில் டீ மேசை முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண் போனைத் தூக்கி என்னைப் படம் எடுத்தார், கையை ஆட்டினார். என்ன செய்வதென்று தெரியாமல் நானும் சிரித்தேன்.

உடனே உள்ளேயிருந்து ஹோட்டல் மெனேஜர் வந்தார். இளவயது, மரியாதையான பேச்சு.

“ரொம்ப நன்றி ஐயா. கெஸ்ட்டுக்கு இதெல்லாம் ரொம்பப் பிடிக்கும். அந்தக் காலத்துல இப்படித்தானே உருட்டிக்கிட்டுப் போவாங்க? அந்தப் பாரம்பரியத்த நாங்க அப்படியே வச்சிருக்கோம். ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அது சட்டமே இல்லை. வேடிக்கை! எங்கள் அப்பா வாயை மூடிக்கொண்டு பட்ட அவமானத்தை, டீயும் கேக்கும் சாப்பிடுகிறவர்களுக்கு வேடிக்கையாக வைத்திருக்கிறார்கள். நானும் சம்பளம் இல்லாமல் அதில் நடித்துவிட்டு, சிரித்தும் வைத்திருக்கிறேன்.

என் சிநேகிதன் ஓட்டோவுக்குள்ளிருந்து தலையை நீட்டினான். “அந்தக் காலத்துல தொர பூட்ஸ் காலால ஒதைப்பாரு சார். அதையும் அப்படியே வச்சிருக்கீங்களா?”

மெனேஜரின் சிரிப்பு போய்விட்டது.   நான் அங்கேயே, பங்களா வாசலுக்கு நேராக, காலைத் தூக்கிப் போட்டு சைக்கிளில் ஏறினேன். “அண்ணே! அண்ணே!” என்று காவல்காரர் கூப்பிட்டார். ஆனால் பின்னால் ஓடி வரவில்லை. சிநேகிதன் ஹோர்னை அழுத்தியபடியே வந்தான். நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பெண் போனை மேசையில் வைத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்.

பொழுது சாயும்போது பண்டாரவளை போய்ச் சேர்ந்தோம். “ஏத்தத்துல ஒரு எடத்துலயும் நீ எறங்கல மச்சான். அவனுக எறக்கினது கணக்கில்ல” என்றான் சிநேகிதன். மறுநாள் ஸ்டாண்டிலும் அதையே சொன்னான். யாரும் கேலி செய்யவில்லை. ஆனால் எனக்கு அது கணக்குத்தான். ஆளை இறக்கி நடக்க வைத்ததற்குப் பாரம்பரியம் என்று பெயர் வைக்கிறவர்களை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரமாக வருகிறது. நான் திரும்ப ஏறிப் போனதை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்த ஒரே படத்தில் நான் சிரித்துக்கொண்டே சைக்கிளை உருட்டுகிறேன்; அந்த ஆள் காலையிலிருந்து அத்தனை மலையையும் மிதித்தே ஏறி வந்தவன் என்று அதைப் பார்க்கிற ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

எழுதி முடித்தது: தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை.