இடப்பக்கத்திலிருந்து இரண்டாவது

என் கடைசித் தங்கையின் வீட்டுக்காரர் தையல்காரர். தெருவில் போகிற ஆளைப் பார்த்தே தோள் எத்தனை, கை நீளம் எத்தனை என்று சொல்லிவிடுவார். அப்புறம் நாடா வைத்துப் பார்த்தால் அரை விரல்கூடத் தப்பாது. அப்படிப்பட்ட மனிதர், வீட்டு வெளிச்சுவருக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்று கேட்டால் மட்டும் மூன்று வாரமாக வாயைத் திறக்கவில்லை. அது ஏன் என்று தெரியாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உடம்பு சரியில்லை என்று ஒரு சாக்குச் சொல்லி, தங்கை வீட்டிலேயே தங்கிவிட்டேன்.

தங்கைக்கோ இது மானப் பிரச்சினை. அந்த வீட்டில் பாத்திரம், படுக்கை, பிள்ளைகளுக்குத் துணி எல்லாமே அவள் எடுத்ததுதான். அவளுடைய ஓரகத்தி, அதாவது தையல்காரரின் அண்ணன் மனைவி, நாலு பேர் இருக்கிற இடத்தில் கேட்டுவிட்டாள்.

"உன் வீட்டுக்காரருக்கு வாய்னு ஒண்ணு இருக்கா, இல்ல அதையும் நீயே தச்சு மூடிட்டியா?"

அன்றைக்குப் பிடித்த பிடிவாதம். "இந்தத் தடவை அவர் வாயால ஒரு கலர் சொல்லணும்க்கா. சொல்லாம இந்தச் சுவத்துல வேலை நடக்காது" என்றாள் என்னிடம்.

பெயிண்டர் மாதிரிக்கு நான்கு திட்டு அடித்து வைத்தார், ஒவ்வொன்றும் ஒரு தலையணை அளவு. தையல்காரர் கடையிலிருந்து வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். தங்கை அடுப்படியில் இருந்தாள். நான் சன்னலோரம் இருந்தேன்.

"இதெல்லாம் கம்பெனியில என்ன பேரு சொல்றாங்க?" என்று பெயிண்டரிடம் மெதுவாகக் கேட்டார்.

"பேரு என்ன பேரு, இடப்பக்கத்துல இருந்து சந்தனம், பச்சை, நீலம், சாம்பல்."

தையல்காரர் உதட்டுக்குள்ளே அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார். பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி. இது என்னடா கூத்து என்று எனக்குள் ஒரு பூச்சி ஊர ஆரம்பித்தது.

மறுநாள் அவர் கடைக்குப் போனதும் தங்கை வெளியே வந்து பெயிண்டரிடம் சொன்னாள். "அந்தப் பச்சை ஆஸ்பத்திரிச் சுவர் மாதிரியே இருக்கு. இவர் வாயில அதுதான் வந்து தொலைக்கும். அது மேல ஒரு செங்கல் கலரை அடிச்சு மறைச்சிடுங்க."

"அவரைச் சொல்லச் சொன்னியேடி" என்றேன்.

"சொல்லட்டுமே. நாலுல ஒண்ணைத்தானே சொல்லப்போறாரு!"

விடுமுறை நாள் காலையில் தையல்காரர் எங்களை எல்லாம் வெளியே கூப்பிட்டார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டிருந்தார். தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டு கையை நீட்டினார்.

"முடிவு பண்ணிட்டேன். இடப்பக்கத்துல இருந்து ரெண்டாவது. அந்தப் பச்சை கண்ணுக்கு என்ன குளிர்ச்சியா இருக்கு பாரு!"

பெயிண்டர் சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "எந்தப் பச்சைங்க?"

தங்கை முதலில் சிரித்தாள், கேலி செய்கிறார் என்று நினைத்து. அவர் சிரிக்கவில்லை. அவள் விறுவிறுவென்று உள்ளே போய், தையல் பெட்டியிலிருந்து பச்சை ஒன்று, செங்கல் நிறம் ஒன்று என்று இரண்டு நூல்கண்டு எடுத்து வந்து நீட்டினாள். "இதுல பச்சை எது?"

அவர் இரண்டையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தானாக ஒரு கலர் நூல்கண்டு எடுத்ததில்லை. "உன் கைராசி, நீ எடுத்துக் குடுத்தா தையல் பிரியாது" என்று துணியை அவளிடம் நீட்டுவார். அவளும் பொருத்தமான நூலை எடுத்துக் கொடுத்துவிட்டு, சொந்தத்தில் ஒருத்தி விடாமல் சொல்லிப் பெருமைப்படுவாள். மூத்தவன் பிறந்தபோது அவள் என் வீட்டில் இருந்த மூன்று மாதமும் தையல்காரர் வெள்ளைச் சட்டை மட்டுமே தைத்தார். பெண்டாட்டி இல்லாத துக்கம் என்று நாங்கள் சிரித்தோம்!

தங்கை உள்ளே போய்த் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டாள். அவர் பின்னாலேயே போனார். நான் மறுபடியும் சன்னலுக்குப் போனேன். போகாமல் இருக்க நான் என்ன கல்லா?

"முப்பத்தாறு வருஷம்" என்றாள். "கைராசி கைராசின்னு என்னை ஏமாத்தினீங்களா?"

"கட்டின புதுசு. தையல்காரனுக்குக் கலர் தெரியாதுன்னா நீ பொட்டியைக் கட்டிருப்ப. பயத்துல சொன்னேன்."

"அப்ப பொய்."

"அந்த மூணு மாசம் வெள்ளை தச்சேனே, அதுல ஏழு சட்டை பிரிஞ்சு திரும்பி வந்துச்சு. நீ இருந்தப்ப ஒண்ணு வந்திருக்கா, சொல்லு."

அவள் விரலை மடக்கி மடக்கி எண்ணிப் பார்த்தாள். எண்ண ஒன்றும் அகப்படவில்லை போல. மூக்கை உறிஞ்சிவிட்டு, "நான் கட்டியிருக்கிற சேலை என்ன கலர்?" என்றாள்.

"தெரியாது. நேத்து கட்டினதை விட இருட்டா இருக்கு."

"நேத்து கட்டினது ஞாபகம் இருக்கா?"

"அது எப்படி இல்லாம போகும்?"

அதோடு அவளுடைய கோபம் போய், எதையும் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியாத என் வியாதி அவளுக்கும் தொற்றிக்கொண்டது. பெயிண்டரின் நிற அட்டைப் புத்தகத்தைப் பிடுங்கி வந்து தரையில் விரித்தாள். இது தெரியுதா, இதுக்கும் அதுக்கும் வித்தியாசம் தெரியுதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். பாதிப் புத்தகம் அவருக்கு ஒரே சேறு. நீலத்தைக் காட்டியபோதும் மஞ்சளைக் காட்டியபோதும் மட்டும், நாடா பிடிக்கிற கை மாதிரி அவர் விரல் டக்கென்று நின்றது.

"இது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார்.

சுவர் முழுக்க நீலம், சன்னல் கதவெல்லாம் மஞ்சள். தெருமுனையிலிருந்தே கண்ணைப் பறித்தது. தங்கைக்கே அது பிடித்ததா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் ஒரு திட்டைக்கூட மாற்றச் சொல்லவில்லை.

ஓரகத்தி வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள். "இது யாரு பார்த்த கலரு?"

"அவர் பார்த்தது" என்றாள் தங்கை.