கருப்புக் கண்ணாடி போட்ட தவளை

பேத்திக்குக் காய்ச்சல் என்று கரங்கான் ஊர் கிளினிக்குக்குப் போனேன். பக்கத்து நாற்காலியில் தொப்பி, கருப்புக் கண்ணாடியோடு ஓர் இளைஞர். யாராவது திரும்பினால் தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொள்வார்.

“கண்ணு வலியா தம்பி?”

“முட்டி வலி பாட்டி. நான் பாடகர். ஆளுங்க கண்டுபிடிச்சா கூட்டம் கூடிரும்லா.”

அவரைத் தவிர இருந்ததே நாலு பேர். நாலு பேரும் டிவியில் பிள்ளைகளுக்கான பாட்டுக் கதையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ராஜகுமாரிக்காக ஒரு பச்சைத் தவளை பாடியது. பேத்தி காய்ச்சலை மறந்து கைதட்டினாள்.

அவர் என் காதருகே குனிந்தார். “அந்தத் தவளை வேஷத்துல நான்தான் பாட்டி. குந்திக் குந்தியே முட்டி போச்சு. கடைசியில ராஜகுமாரனா மாறுறப்ப வேற ஆளப் போட்டுட்டாங்க. என் மூஞ்சி யாருக்குமே தெரியாது.”

“அந்த ராஜகுமாரன் மூஞ்சிக்குத் தவளையே தேவலாம்லா” என்றேன்.

பேத்தி நம்பவில்லை. “பொய்! எங்க, பாடுங்க?”

மெதுவாக இரண்டு வரி பாடினார். அவள் வாயைப் பிளந்தாள்.

நர்ஸ் ஏழாம் நம்பரைக் கூப்பிட்டார். அந்தச் சீட்டு பாடகர் கையில்தான் இருந்தது. அவரோ பேத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தவளை அண்ணே, உங்களத்தான்!” என்று கத்தினாள் பேத்தி.

எல்லோரும் திரும்பினார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். குந்தி உட்கார்ந்து, தத்தித் தத்தியே டாக்டர் அறைக்குள் போனார்.

முட்டி வலி என்று வந்தவர் எப்படித்தான் அப்படிக் குதித்தாரோ, எனக்கு இன்னும் விளங்கவில்லை.