பெரிய சேருக்குத் தெரியாத சிங்களம்

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப் போட்டது ரப்பர் கொட்டையால். கஹவத்தையில் பஸ் ஏறி, ரப்பர் தோட்டத்து முடக்கில் இறங்கி மேலே நடந்தால் முதலில் தெரிகிற தகரக் கூரை அதுதான். ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். அதிபரை நாங்கள் பெரிய சேர் என்போம். தேயிலை மலைப்பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். வந்த வருடமே மாணவர் மன்றம் அமைக்கவேண்டும், அதற்குத் தேர்தல் வைக்கவேண்டும் என்று கிளம்பினார்.

போட்டியிடுகிறவர்கள் சுவரைப் பார்த்து நிற்கவேண்டும். ஒவ்வொருவர் முதுகுக்குப் பின்னாலும் ஒரு பால்மா டின். பிள்ளைகள் வரிசையாக வந்து, பிடித்தவரின் டின்னில் ஒரு கொட்டையைப் போடவேண்டும். கொட்டைக்குப் பஞ்சமா என்ன, எல்லார் சட்டைப் பையிலும் விளையாடுவதற்கென்று அதுதான் கிடக்கும். என் டின்னில் கொட்டை விழுகிற சத்தம் வெறும் தகரச் சத்தமாக இருந்து, பிறகு கொட்டையின் மேல் கொட்டை விழுகிற சத்தமாக மாறியது. சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றேன். அவ்வளவு சந்தோஷம்.

நான் தலைவி ஆனேன். எனக்கு அடுத்ததாக வந்த என் தோழி உப தலைவி. எங்கள் லயத்தின் வரிசை அறைகளில் பக்கத்துக் காம்பராதான் அவள் வீடு. இரண்டு பேருக்கும் நீல ரிப்பனில் செய்த சின்னத்தைப் பெரிய சேர் ஊசியால் குத்திவிட்டார்.

மன்றத்தின் முதல் கூட்டத்தில், "பள்ளிக்கூடத்துக்கு என்ன வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்றார். பையன்கள் பந்து என்றார்கள். நான் எழுந்து, "பொம்பளப் புள்ளைங்களுக்குக் கக்கூசு வேணும் சேர்" என்றேன். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பெரிய சேர் சிரிக்கவில்லை. "சரியான பேச்சு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவரைக் கும்பிடலாம் போல இருந்தது.

ஏனென்றால் பட்டவர்களுக்குத்தான் தெரியும். இருந்த ஒரே கக்கூசு கூரை விழுந்து, கதவும் போய், புதர் மண்டிக் கிடந்தது. பையன்களுக்கு எந்த மரமும் சரி. நாங்கள் பள்ளிக்கூடத்துக்கு மேலே ரப்பர் மலைக்குப் போகவேண்டும். ஒருத்தி போனால் இன்னொருத்தி காவல். நானும் என் தோழியும் எப்போதும் சோடி. மழை பெய்தால் அட்டை காலில் ஏறும். எங்கள் பக்கம் மழை பெய்யாத நாள்தான் அபூர்வம். அதனால் பள்ளிக்கூடம் விடும்வரை தண்ணீரே குடிக்கமாட்டோம். காலைத் தேத்தண்ணியைக்கூட அரைக் கோப்பையோடு வைத்துவிடுவோம். என் தோழிக்கு ஒருமுறை நீர்க்கடுப்பு வந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வகுப்பில் வாங்கில் பலகையில் சுருண்டு கிடந்தாள். அன்றைக்குக் காவலுக்குப் போனபோது அவள் அழுத அழுகை எனக்குத்தான் கேட்டது.

பள்ளிக்கூடம் நின்ற நிலம் தோட்டத்துக் காணி. தோட்டத்தை நடத்துகிற துரை மனம் வைத்தால்தான் ஒரு கல்லாவது வைக்கலாம். அரசாங்கத்திடமிருந்து தோட்டம் கம்பெனிக்குப் போன புதிது. வந்திருந்த துரை சிங்களவர், தமிழ் பேசமாட்டார். பரிசளிப்பு விழாவுக்கு அவர்தான் பிரதம விருந்தினர். பெரிய சேர் என்னைக் கூப்பிட்டார்.

"நான் கேட்டா, வாத்தியாரு அரசியல் பண்றாருன்னு சொல்லுவாங்க. தலைவி கேட்டா தொரையால மறுக்க ஏலாது. எனக்கு வேற சிங்களம் சுத்தமா வராது. நீ நல்லா பேசுவியே."

நான் நன்றாகத்தான் பேசுவேன். கீழே சிங்களக் கிராமத்துப் பிள்ளைகளோடு ஆற்றில் குளித்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் தோட்டத்தில் சிங்களம் தெரியாத ஆளே கிடையாது. இவர் தமிழ் ஆட்களே நிறைந்த மலைப்பக்கத்துக்காரர், அதனால் தெரியாதாக்கும் என்று நம்பினோம். பாவம் பெரிய சேர் என்றுகூட நினைத்தேன். அவர் தமிழில் சொல்லச் சொல்ல நான் சிங்களத்தில் சொல்லிப் பழகினேன். ஒருநாள் கக்கூசு என்பதை எங்கள் வழக்கப்படியே நான் சொன்னபோது, "அது மரியாதையில்ல, 'வெசிகிலிய'ன்னு சொல்லு" என்று திருத்தினார். அப்போதே எனக்கு உறைத்திருக்கவேண்டும். ஆனால், பெரியவர்களுக்கு எல்லாம் தெரியும் என்று நினைக்கிற வயது.

"பயப்படாத. நான் பின்னாலயே நிப்பேன்" என்றார்.

நின்றார். துரையின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார்.

விழாவன்று மாலை போட்டு, செவ்விளநீர் கொடுத்து, நடனம் எல்லாம் முடிந்த பிறகு என்னை மேடைக்கு அழைத்தார்கள். அப்பா ரப்பர்ப் பால் வெட்டி முடித்து, குளித்து, வெள்ளைச் சட்டையோடு பெற்றோர் கூட்டத்தில் நின்றார். நான் ஒரு சொல் பிசகாமல் பேசினேன். பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் இருப்பதையும் சொன்னேன். கூட்டத்தில் இருந்த அம்மாமார் தலையைக் குனிந்துகொண்டார்கள். துரையின் முகம் சுருங்கியது.

"கவுத ஓயாட்ட மேக கியலா துன்னே?" என்று கேட்டார். யார் உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது?

நான் பெரிய சேரைப் பார்த்தேன். இப்போது முன்னால் வருவார், நான்தான் என்பார் என்று நினைத்தேன்.

"மம தன்னே நே சேர்" என்றார் அவர். எனக்குத் தெரியாது சேர்.

அதோடு விட்டாரா? குனிந்து, துரையின் காதருகே, ஆனால் எனக்குக் கேட்கும்படியாகவே, மடை திறந்த மாதிரி சிங்களம் பேசினார். ஒரு தடுமாற்றம் இல்லை. இந்தப் பிள்ளையின் தகப்பன் தொழிற்சங்கத்து ஆள், வீட்டில் சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள், பள்ளிக்கூடத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்றார். அப்பா சங்கத்துக்குச் சந்தா கட்டினார், தோட்டத்தில் எல்லாரையும் போல. கூட்டத்துக்குக்கூடப் போனதில்லை.

விருந்தாளிகள் போனதும் பெரிய சேர் மன்றத்துப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தினார். "இப்பிடிப் பேசணும்னு மன்றத்துல யாராச்சும் முடிவு பண்ணுனீங்களா?" என்று கேட்டார். நான் என் தோழியைப் பார்த்தேன். மலையில் அப்படி அழுதவள் அவள்.

"எனக்குத் தெரியாது சேர். அவதான் பேசுனா" என்றாள்.

என் சட்டையிலிருந்த நீல ரிப்பனைக் கழற்றி, அங்கேயே அவளுக்குக் குத்திவிட்டார்.

மறுநாள் அப்பாவை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். அடுத்த வாரம் அவருக்குப் பால் வெட்டக் கிடைத்தது பட்டை தேய்ந்துபோன கிழட்டு மரங்கள் நின்ற மலை. விடிய விடிய வெட்டினாலும் வாளியின் அடி நனையாது. நடந்ததை எல்லாம் அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "சேருமாரு பொய் சொல்லுவாங்களாம்மா?" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. பெரிய சேரை மன்னிக்கச் சொல்லிப் பின்னால் பலர் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கும் வேலை போகும் பயம் இருந்திருக்கும் என்பார்கள். இருக்கட்டுமே. பத்து வயதுப் பிள்ளையைக் கூட்டிப்போய் முன்னால் நிறுத்தியவர் அவர்தானே.

இதில் வேடிக்கை, துரை மனம் இரங்கிவிட்டார். சில மாதத்தில் சீமெந்தும் தகரமும் லொறியில் வந்து இறங்கின. கக்கூசு கட்டி, வெள்ளை அடித்து, பச்சைக் கதவு போட்டார்கள். கதவில் ஒரு பூட்டு. டீச்சர்மாருக்கும் வெளியிலிருந்து வருகிறவர்களுக்கும்தான், புள்ளைங்க அசிங்கப்படுத்திடுவாங்க என்றார் பெரிய சேர். கேட்கிறவர்களுக்குத் திறந்துவிட, சாவியைத் தலைவியிடம் கொடுத்தார்.

என் தோழி அதை ஒரு நூலில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். நான் போய், "எனக்கும் ஒருக்கா தொறந்து விடு" என்று கேட்டேன். "சேர் ஏசுவாரு" என்றாள். நான் வேறு ஒரு சின்னப் பிள்ளையைக் காவலுக்குக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போய் வந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து வாங்கிலில் உட்கார்ந்து காலிலிருந்த அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அவள் பையைத் திறந்தாள். அதுவரை எங்களில் யாரும் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டு வராத ஒன்றை, ஒரு தண்ணீர்ப் போத்தலை, வெளியே எடுத்தாள். மூடியைத் திறந்து, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்து முடித்தாள்.