ரசத்துக்கு 444

ஜம்புநாதனுக்குப் பூட்டின் மேல் ஒரு பக்தி. தொண்ணூற்று மூன்றில் மத்திய சர்க்கார் அவரைத் திருச்சியிலிருந்து கல்கத்தாவுக்கு மாற்றியபோது, டாக்குரியா வீட்டுக்குள் முதலில் நுழைந்தது பால் பாத்திரமல்ல, ஒரு பை நிறையப் பூட்டுகள். பீரோவுக்கு, பிரிட்ஜுக்கு, பிற்பாடு வந்த டெலிபோனுக்கும் ஒரு குட்டிப் பூட்டு. யாராவது கூப்பிட்டால் பேசலாம். நாமாகக் கூப்பிட அவர் அரைஞாணில் தொங்கும் சாவி வேண்டும். அலிப்பூர் அலுவலகம் ஒன்றில் அவர் கம்ப்யூட்டர் புரோகிராமர். இப்பேர்ப்பட்டவர் கையிலிருந்து, யாராலும் திறக்க முடியாத கோப்பு ஒன்று புறப்பட்டது. அதுவும் அவர் பூட்டாமல் விட்டதனால். விசாரிக்கத்தக்க விஷயம்தானே?

அந்தக் கோப்பில் இருந்த கட்டுரை அவர் மனைவி வசுமதியுடையது. குடியிருப்பின் துர்கா பூஜை மலருக்கு, சொந்தமாகக் கற்ற வங்க மொழியில், போன வருஷம் சாம்பார் பற்றி எழுதினாள். மலரின் ஆசிரியர் சன்யால் பாபு, நல்லெண்ணத்தின் மிகுதியால், “இறக்கும் முன் ஒரு ஸ்பூன் சர்க்கரை” என்று சேர்த்துவிட்டார். தமிழர்கள் கூடும் லேக் மார்க்கெட் மளிகைக் கடையில் ஒரு மாமி கேட்டாள்: “ஏண்டி வசு, உங்காத்துல சாம்பாருக்கும் பாயசத்துக்கும் ஒரே அடுப்பா?”

“இந்த வருஷம் ரசம் எழுதியிருக்கேன்னா” என்றாள் வசுமதி கணவரிடம். “ஒரு எழுத்து மாறினாலும் இனிமே பேனாவைத் தொடமாட்டேன். பூட்டு மகாராஜா நீங்கதானே, பாத்துக்கோங்கோ.”

2002 மலரின் கட்டுரைகளைச் சுருக்கி ஒரே பொட்டலமாகக் கட்டும் புரோகிராமை ஜம்புநாதன்தான் எழுதினார். பிளாப்பி பவானிபூர் அச்சகத்துக்குப் போயிற்று. அங்கே கம்ப்யூட்டர் ஓடுவது லினக்ஸில். மறுநாள் காலை அலுவலகத்துக்கு தீபங்கர் போன் செய்தான். அச்சகம் அவனுடையது. அண்ணா என்பதற்கு அவன் மொழியில் தாதா, சுருக்கமாகத் தா.

“ஜம்பு-தா, பொட்டலம் பிரிஞ்சுது. கோப்பு இருக்கு, எடை இருக்கு. திறந்தா ‘அனுமதி இல்லை’ங்குது. சாயங்காலம் அச்சுக்குப் பிளேட் போடணும், தாதா!”

ஜம்புநாதனுக்குக் கவலையைவிட வியப்பே அதிகம். விஷயம் இதுதான். லினக்ஸில் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று எண்கள் உண்டு: உடையவருக்கு ஒன்று, கூட்டாளிகளுக்கு ஒன்று, ஊராருக்கு ஒன்று. படிக்க நான்கு, எழுத இரண்டு, இரண்டுக்கும் சேர்த்து ஆறு. பொட்டலம் கட்டும் புரோகிராமில் இவர் எதையுமே சொல்லவில்லை. மௌனம் சம்மதம் என்பது மனிதருக்கு. பொட்டலத்துக்கு மௌனம் என்றால் மூன்று பூஜ்யம். உடையவருக்கே கதவு சாத்தல்.

சரி, சொல்லாதபோது எதை வைப்பது? 666 என்றால் ஊரே வந்து சர்க்கரை போடும். 600 என்றால் உடையவர் மட்டும். பக்கத்து நாற்காலிக்காரன் படிக்கவே முடியாது. 644, உடையவர் எழுதலாம், மற்றவர் படிக்கலாம். ஆகா, இதுவல்லவோ குடும்ப வழக்கம் என்று மகிழ்ந்த ஜம்புநாதன், உடையவர் யார் என்று கையேட்டைப் புரட்டினார். பொட்டலத்தை யார் பிரிக்கிறாரோ அவரே! அதாவது அச்சகம், அச்சகத்தில் காலையிலிருந்து உட்கார்ந்திருப்பவர் சன்யால் பாபு. 644-ஐ அழித்தார். 444 என்று போட்டார். எல்லாரும் படிக்கலாம், எவரும் கைவைக்கலாகாது. புதுப் பிளாப்பியோடு பவானிபூர் பஸ் ஏறினார்.

ரசம் திறந்தது. சன்யால் பாபு படித்தார், கண்ணாடியைத் துடைத்தார், ஒரு விசையைத் தட்டினார். கம்ப்யூட்டர் மறுத்தது.

“என்ன மொஷாய், எங்கிட்டயேவா?”

“உங்ககிட்டதான்” என்றார் ஜம்புநாதன்.

அப்போது அச்சகத்து போன் மணி அடித்தது. வசுமதி.

“நம்மாத்து போன்லதான் பூட்டாச்சே! மாடியில இருக்காளே மாஷிமா, அந்த வங்காளி மாமி ஆத்துலேர்ந்து பேசறேன். ஏன்னா, ரசத்துல உப்பு எழுத மறந்துட்டேன்!”

ஜம்புநாதனுக்கு வங்க மொழியில் ஓர் எழுத்தும் தெரியாது. எழுத வேண்டுமானால் சன்யால் பாபுதான் எழுத வேண்டும். எழுதியது உப்பா சர்க்கரையா என்று பார்க்கவும் இவருக்குக் கண் போதாது. உப்பில்லாத ரசம் லேக் மார்க்கெட்டுக்குப் போனால் சர்க்கரையைவிட மானக்கேடு. பூட்டுவதற்கென்றே பிறந்த மனிதர், வாழ்நாளில் முதல் தடவையாக, தம் கையாலேயே 644 என்று தட்டினார்.

“பாபு, உப்பு மட்டும்.”

சன்யால் பாபு நிதானமாக ஒரு வரி தட்டிவிட்டு, நாற்காலியைப் பின்னால் தள்ளினார். “பூட்டிக்கோங்க.”

மலர் வந்தது. வசுமதி விரல் வைத்து வரி வரியாகப் படித்தாள். உப்பு இருந்தது. சர்க்கரை எங்கும் இல்லை. ஜம்புநாதன் மூச்சு விட்டார். கடைசி வரிக்குக் கீழே கட்டம் கட்டிய ஒரு துணுக்கைக் கண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“‘எங்கள் வீட்டில் ரசத்துக்குச் சிறிது சர்க்கரை சேர்ப்போம். சன்யால்.’ அவர் பேர்ல, தனியாப் போட்டிருக்கார்னா!”

மிச்சப் பிரதிகளிலாவது அதை எடுத்துவிடலாம் என்று ஜம்புநாதன் அச்சகத்துக்கு ஓடினார். துணுக்கு தனிக் கோப்பாக இருந்தது. தீபங்கரிடம் கேட்டு, சன்யால் பாபு அதற்கும் 444 போட்டு வைத்திருந்தார்.